கதையில் அவர் இறந்துவிட்டார், எனக்குள் இன்னும் இருக்கிறார்

ஒன்பது பக்கக் கடிதம். முதல் ஆறு பக்கமும் ஒரே சீரான கையெழுத்து. ஏழாவது பக்கத்தின் நடுவில் எழுத்து நிமிர்ந்து பெரிதாகிறது, எட்டில் பழையபடி திரும்புகிறது. ஒன்பதாவது பக்கத்தில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் அதையும் மடித்துச் சேர்த்து அனுப்பியிருக்கிறார். எழுதியவருக்கு வயது 26. கொங்குப் பகுதியில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அப்பா இல்லை, வீட்டில் அம்மாவும் கல்லூரி போகும் தம்பியும். பெயரும் ஊரும் தெரியக்கூடாது, எந்தக் கதை என்பதும் தெரியக்கூடாது என்று கேட்டிருக்கிறார். அதற்கேற்ப சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். அவருக்குள் அவர் மட்டும் இல்லை, நான்கு பேர் இருக்கிறார்கள். அவர் ஒருவர். ஆறேழு வயதுக் குழந்தை ஒன்று, அவளை 'பாப்பா' என்று எழுதுகிறார். மூன்றாமவர், பதிமூன்று வயதில் டிவியில் தமிழ் டப்பிங்கில் பார்த்த ஒரு ஜப்பானிய அனிமே தொடரின் நாயகன், படைத்தலைவன். அவரை இங்கே 'தளபதி' என்று வைத்துக்கொள்வோம், சினிமா ரசிகர்கள் மன்னிக்க வேண்டும். "தொடர் பிடிக்கும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். பிளஸ் ஒன் பரீட்சை ஹாலில் கை நடுங்கிக்கொண்டு இருந்தபோது யாரோ பின்னால் வந்து நின்று பேனாவை வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது" என்கிறார். நான்காவது ஆள் எட்டு மாதத்துக்கு முன் வந்தவர். அதே தொடரின் வில்லன், தளபதியைக் காட்டிக்கொடுத்து அவருடைய படையையே அழித்த மந்திரி.

இப்படி வாழ்கிறவர்கள் தங்களை 'சிஸ்டம்' என்கிறார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் 'ஹெட்மேட்'. அந்த நேரத்தில் உடம்பை ஓட்டுபவர் 'ஃப்ரன்ட்'டில் இருக்கிறார். கதையிலிருந்து வந்தவர் 'ஃபிக்டிவ்', அவர் வந்த கதை 'சோர்ஸ்'. கடிதம் முழுக்க இந்தச் சொற்கள்தான். நானும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன், ஆளுக்கு ஆள் புதுத் தமிழ்ச்சொல் செய்தால் யாருக்கும் புரியாமல் போகும்.

பிரச்சினை இரண்டு மாதத்துக்கு முன் முற்றியது. தொடரின் கடைசி சீசன் வந்திருக்கிறது. தம்பி ஹாலில் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான், இவர் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஹாலிலிருந்து ஒரு இசை கேட்டது. அடுத்து நினைவுக்கு வந்தபோது கல்லில் தோசை கருகிப் புகைந்துகொண்டிருந்தது, வலது கை மணிக்கட்டில் சூடு பட்ட கோடு, தம்பி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என் ஆட்கள் எங்கே, என் ஆட்கள் எங்கே" என்று அக்கா டப்பிங் தமிழில் கேட்டாளாம். அந்த சீசனில் தளபதி மந்திரியின் கையால் சாகிறார். அன்றிலிருந்து உள்ளே தளபதி தூங்குவதில்லை, இவரையும் தூங்க விடுவதில்லை. அம்மா பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

அவர் கேட்பது: நான் நடிக்கிறேனா, பைத்தியமா, வெறும் ரசிகைக் கிறுக்கா? மந்திரியை எப்படி விரட்டுவது? இணையத்தில் ஒரு பெண், தன் சிஸ்டத்தில் தளபதியின் தங்கை இருப்பதாகச் சொல்லி வீடியோ காலுக்கு வரச் சொல்கிறாள், போகலாமா? அம்மாவை எப்படிச் சமாளிப்பது? வைத்தியத்துக்குப் போனால் தளபதியை அழித்துவிடுவார்களா?

ஒன்பதிலிருந்து பதினொரு வயதுக்குள் சொந்தக்காரர் வீடு ஒன்றில் நடந்ததை இரண்டே வரியில் எழுதியிருக்கிறார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. படித்தேன் என்பது மட்டும் அவருக்குத் தெரியட்டும்.

சரி, இனி உங்களோடு பேசுகிறேன்.

'நீங்கள்' என்ற சொல் உங்கள் விஷயத்தில் எனக்கு ரொம்ப வசதி. மரியாதைக்கும் ஆகும், பன்மைக்கும் ஆகும். யாரிடம் பேசுகிறேன் என்று ஒவ்வொரு வரியிலும் விளக்கத் தேவையில்லை. உங்கள் கடிதத்திலும் ஒன்று கவனித்தேன். உங்களை 'நான்' என்று எழுதுகிறீர்கள், தளபதியை 'அவர்', குழந்தையை 'அவள்'. மந்திரியை மட்டும் 'அது'. எட்டு பக்கத்தில் ஒரு இடத்தில்கூட அது 'அவர்' ஆகவில்லை. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நடிப்பா, கிறுக்கா?

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். யாராவது அப்படி வைத்தால் நம்பாதீர்கள். ஆனால் நீங்கள் விவரித்திருப்பது மருத்துவத்துக்குத் தெரியாத விஷயமே இல்லை. 1980-இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் 'மல்டிபிள் பர்சனாலிட்டி' என்று நுழைந்தது, 1994-இல் 'டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர்' என்று பெயர் மாறியது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியல் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் முழு வடிவம் ஒன்று, பகுதி வடிவம் ஒன்று என்று இரண்டாகவே பிரித்திருக்கிறார்கள். பகுதி வடிவத்தில் ஒருவர்தான் பெரும்பாலும் வண்டியை ஓட்டுவார், மற்றவர்கள் அவ்வப்போது குறுக்கே வருவார்கள். உங்களுடையது எதில் சேரும், சேருமா என்பதை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். வலிப்பு நோயில் ஒரு வகை இப்படி நினைவை விழுங்கும், அதையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

"கதையிலிருந்து வந்தவர் என்பதாலேயே போலி என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான். மனநல வேலைக்கு வந்த புதிதில் ஒரு பையன், தனக்குள் ஒரு காமிக்ஸ் துப்பறிவாளன் இருப்பதாகச் சொன்னபோது "அவர் புத்தகத்தில் வருபவர்தானே தம்பி" என்று சிரித்துவிட்டேன். அடுத்த முறை அவன் வரவில்லை, அதற்கு அடுத்த முறையும் வரவில்லை. பின்னால்தான் உறைத்தது. மனசு தனக்குள் ஆள் சேர்க்கும்போது ஆதார் அட்டை கேட்பதில்லை. அடித்த பெரியப்பாவை உள்ளே எடுத்துக்கொள்ளும், காப்பாற்றிய டீச்சரை எடுத்துக்கொள்ளும். அருகில் காப்பாற்ற ஒருவரும் இல்லை, தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு டிவியில் ஒருவர் மட்டும் தன் ஆட்களை விட்டுக்கொடுக்காமல் நிற்கிறார் என்றால், அவரை எடுத்துக்கொள்ளும். வெளியாளை உள்வாங்கிக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்கு ஹங்கேரி மருத்துவர் ஃபெரென்ட்ஸி 1909-லேயே 'இன்ட்ரோஜெக்ஷன்' என்று பெயர் வைத்துவிட்டார்.

ரசிகத்தனமும் இதுவும் ஒன்றல்ல. ஒரு பாத்திரத்தைப் பைத்தியமாக நேசிக்கிற லட்சம் பேருக்கு அது ஃபிக்டிவ் ஆவதில்லை. தனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பாத்திரம், ஒரே ஒரு எபிசோடில் பார்த்த பாத்திரம் வந்து உட்கார்ந்துகொண்ட சிஸ்டங்கள் உண்டு. இன்னொரு பக்கம், பாத்திரத்தின் குரல் கேட்பது மட்டுமே நோயும் இல்லை. எடின்பரோ புத்தகத் திருவிழாவுக்கு வந்த எழுத்தாளர்கள் 181 பேரிடம் டர்ஹாம் பல்கலைக்கழகத்தார் கேட்டதில் 63 சதவீதம் பேர் எழுதும்போது தங்கள் பாத்திரங்கள் பேசுவது கேட்கிறது என்றார்கள். மணிக்கணக்காகக் கதைக்குள் மூழ்கி வேலை கெடும் அளவுக்குப் பகல்கனவு காண்பவர்கள் தனி ரகம். அதை ஹைஃபா பல்கலைக்கழகத்தின் ஈலி சோமர் 2002-இல் விவரித்திருக்கிறார். உங்கள் விஷயத்தில் வேறுபாடு எங்கே என்றால், அந்தத் தோசை. எழுத்தாளருக்குப் பாத்திரம் பேசும்போது கல்லில் தோசை கருகுவது தெரியும். உங்களுக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்துண்டு காணாமல் போனதுதான் நான் கவனிக்கும் அடையாளம், தளபதி எங்கிருந்து வந்தார் என்பது அல்ல.

ஐசிடி-11-லேயே ஒரு குறிப்பு இருக்கிறது: ஒன்றுக்கு மேற்பட்ட ஆளுமைகள் இருப்பது மட்டுமே எப்போதும் நோய் ஆகாது, அருள்வாக்கு சொல்பவர்கள் போல அது துன்பமாகவும் இல்லாமல் வாழ்க்கையைக் கெடுக்காமலும் இருந்தால் நோயென்று எழுதக்கூடாது என்று. ஆடி மாதம் சாமியாடிவிட்டு மறுநாள் காலை கடை திறக்கும் பூசாரியை நாம் யாரும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதில்லையே. ஆக, நான்கு பேர் இருப்பது உங்களுக்குச் சிக்கல் இல்லை. தூக்கம் போனதும், கை சுட்டதும், நினைவு அறுந்ததும்தான் சிக்கல்.

இரட்டை ஆளுமை என்றாலே கொலைகாரன் என்று நம் சினிமா சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறது. தம்பியைக் குத்திவிடுவேனோ என்று நீங்கள் பயப்படுவது அதனால்தான். உங்கள் நிலையில் இருப்பவர்கள் பிறரை அல்ல, தங்களைக் காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்துதான் அதிகம். அந்த எண்ணம் உங்களுக்கோ உள்ளே இருக்கும் மற்ற மூவரில் ஒருவருக்கோ வந்தால் அன்றைக்கே 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

மந்திரி செய்த குற்றம் என்ன?

உங்கள் கடிதத்தில் நான் மூன்று முறை படித்தது இந்தப் பகுதியைத்தான்.

மந்திரி செய்ததாக நீங்கள் எழுதியிருக்கும் குற்றங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். காட்டிக்கொடுத்தது, கோட்டைக் கதவைத் திறந்துவிட்டது, நாற்பது வீரர்களைக் கொன்றது. எல்லாம் சோர்ஸில் நடந்தவை. ஒரு ஓவியரும் ஒரு எழுத்தாளரும் ஜப்பானில் உட்கார்ந்து செய்தவை. சரி, எட்டு மாதமாக இந்த உடம்பில், இந்த வீட்டில் மந்திரி என்ன செய்தார் என்று தனியாக எழுதினேன். மூன்று தேறியது. ஒன்று, யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால் "வாயைத் திறந்தால் தொலைந்தாய்" என்று உங்களை மிரட்டுகிறார். இரண்டு, இணையத்துப் பெண்ணுக்கு நீங்கள் தட்டச்சு செய்த முகவரியை அனுப்புவதற்கு முன் அழித்துவிட்டார், அதை 'அதன் வேலை' என்று எரிச்சலோடு எழுதியிருக்கிறீர்கள். மூன்று, சித்திரையில் அந்தச் சொந்தக்காரர் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்த அன்று உங்களை ஹாலிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டுபோய் அறைக்குள் விட்டுத் தாழ்ப்பாள் போட்டு, அவர் கிளம்பும்வரை திறக்கவே விடவில்லை.

இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள், போகிற போக்கில். அம்மா உங்கள் ஜாதகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்த அதே வாரம்தான் மந்திரி வந்தார். கல்யாணம் என்றால் அந்தச் சொந்தக்காரர் முன்வரிசையில் நிற்பார், இல்லையா?

நான் நேரில் பார்க்கவில்லை, தவறாகவும் இருக்கலாம். ஆனால் இது எனக்கு வில்லன் வேலையாகத் தெரியவில்லை, வாட்ச்மேன் வேலையாகத் தெரிகிறது. வாய் கெட்ட வாட்ச்மேன். பல சிஸ்டங்களில் இப்படி ஒருவர் இருப்பார். உள்ளே இருப்பவர்களை மிரட்டுவார், திட்டுவார். காரணம் கேட்டால், சத்தம் போட்டால் அடி விழும் என்று எப்போதோ கற்றுக்கொண்டதை இன்னமும் காவல் காத்துக்கொண்டிருப்பார். கெட்டவனாக இருந்தால்தான் யாரும் கிட்டே வரமாட்டார்கள் என்று மனசு கணக்குப் போட்டால், அதற்கு அந்தத் தொடரில் மந்திரியை விடப் பொருத்தமான முகம் எது?

அதனால் விரட்டும் வேலை வேண்டாம். விரட்டவும் முடியாது. இந்தத் துறையில் வேலை செய்பவர்களின் சர்வதேச சங்கம் 2011-இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டி, உள்ளே இருப்பவர்களில் ஒருவரைப் புறக்கணிக்கச் சொல்வதும் ஒழித்துக்கட்டச் சொல்வதும் பலன் தராது என்று சொல்கிறது. புதிதாக ஆட்களை உண்டாக்கச் சொல்லக்கூடாது, பெயர் இல்லாதவருக்குப் பெயர் வைக்கச் சொல்லக்கூடாது என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. அந்த இரண்டாவதை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் சிலர் 'உன் சிஸ்டத்தில் எத்தனை பேர்' என்று எண்ணிக்கைப் போட்டி நடத்துகிறார்கள், அதில் சேராதீர்கள்.

ஒன்று செய்யலாம். கதையில் செய்ததற்கு இங்கே யாருக்கும் தண்டனையும் இல்லை, பதக்கமும் இல்லை என்று நால்வரும் ஒத்துக்கொள்ளுங்கள். இங்கே செய்வதற்கு மட்டும்தான் பொறுப்பு. மந்திரி மிரட்டினால் அந்த மிரட்டலுக்கு அவர் பதில் சொல்லட்டும், கோட்டைக் கதவுக்கு அல்ல. இது தளபதிக்கும் பொருந்தும். கதையில் அவர் மாவீரர் என்பதற்காக போன மாதம் உங்கள் மேனேஜருக்கு அவர் அனுப்பிய மெயில் சரியாகிவிடாது. (அந்த மெயிலைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் வேலை போயிருந்தால் நால்வருக்கும்தான் சோறு இல்லை.) வெளி உலகத்தில் கையெழுத்து ஒன்று, சம்பளக் கணக்கு ஒன்று. யார் செய்தாலும் சட்டம் ஒரே ஆளாகத்தான் பார்க்கும்.

தமிழில் நமக்கு 'நாங்கள்' உண்டு, 'நாம்' உண்டு. என்னிடம் எழுதும்போது நீங்கள் 'நாங்கள் மூவர், அப்புறம் அது' என்கிறீர்கள். உள்ளே பேசும்போது 'நாம்' என்று சொல்லிப் பாருங்கள், மந்திரியையும் சேர்த்து. நாக்கு வராது, முதல் வாரம்.

கடைசி சீசன்

தளபதி தன் சாவைப் பார்த்துவிட்டார். இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம், சிஸ்டங்களுக்கு இது உண்மையான தலைவலி. சோர்ஸ் முடிந்துபோன கதையாக இருந்தால் பரவாயில்லை. இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கதை என்றால், உங்கள் வீட்டு ஆளைப் பற்றி எங்கோ ஒருவர் அடுத்த அத்தியாயம் எழுதிக்கொண்டே இருக்கிறார். திடீரென்று கொன்றுவிடுவார், திடீரென்று கெட்டவனாக்குவார்.

தளபதியிடம் "அது நீ இல்லை, வெறும் கார்ட்டூன்" என்று வாதாடாதீர்கள். "ஆமாம், அது உனக்கு நடந்ததுதான்" என்றும் போய் விழாதீர்கள். அந்த நினைவுகளில் இருக்கும் பயமும் துக்கமும் உண்மை, அவை இந்த உடம்பில்தான் ஓடுகின்றன. சம்பவம் இந்த உலகத்தில் நடந்ததற்குச் சாட்சி கிடையாது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். அதே போல, "இந்தக் காட்சிக்கு உள்ளர்த்தம் என்ன, சின்ன வயதில் நடந்த எதன் குறியீடு" என்று தோண்டிக்கொண்டே போகிற ஆலோசகர் கிடைத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அப்படித் தோண்டித் தோண்டி நடக்காததையெல்லாம் நினைவாக்கி, குடும்பங்கள் உடைந்து, கோர்ட் வரை போனது.

இப்போதைக்கு அந்தத் தொடர் உங்கள் வீட்டு ஹாலில் ஓட வேண்டாம். தம்பியிடம் முழுக் கதையும் சொல்லத் தேவையில்லை. "அந்த மியூசிக் கேட்டால் எனக்கு ஒரு மாதிரி ஆகுது, ஹெட்போன் போட்டுக்கோ" என்றால் போதும். ஏற்கனவே பயந்திருக்கிறான், கேட்பான்.

தளபதிக்கு ஒரு வேலை கொடுங்கள். உங்கள் வீட்டில் தினசரி காலண்டர் இருக்குமே, மளிகைக்கடைக்காரர் கொடுத்தது, காலையில் அந்தத் தாளைக் கிழிப்பது அவர் பொறுப்பு. கிழித்து, தேதியையும் கிழமையையும் வாய்விட்டுப் படித்து, பின்பக்கம் அன்று வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதட்டும். 'அம்மா. தம்பி. நாங்கள். எல்லோரும் உயிரோடு.' "என் ஆட்கள் எங்கே" என்று கேட்டவருக்குத் தினமும் ஒரு ஆஜர்ப்பட்டியல். அடுப்படியில் வேலை செய்யும்போது தலை லேசாகக் கிறுகிறுத்தால் முதலில் கேஸை அணைக்க வேண்டும், அப்புறம் குழாய்த் தண்ணீரில் கையை வைக்க வேண்டும். இந்த வரிசையை நால்வரும் பழகிக்கொள்ளுங்கள்.

'நான்தான் தங்கை' என்பவர்

இதில் மட்டும் கொஞ்சம் கறாராக இருக்கப் போகிறேன்.

ஒரே பாத்திரம் பல சிஸ்டங்களில் இருப்பது சகஜம், 'டபுள்' என்பார்கள். அந்தப் பெண், உங்கள் தளபதிக்கு ஒரு ஆற்றங்கரைக் காட்சி நினைவில்லை என்பதால் அவர் டூப்ளிகேட் என்று சொல்லி, அவர் இரண்டு நாள் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். சமயபுரத்தில் ஒரு மாரியம்மன், புன்னைநல்லூரில் ஒரு மாரியம்மன், இருக்கன்குடியில் ஒரு மாரியம்மன். எது ஒரிஜினல் என்று நம் ஊரில் யாராவது கேட்டு அடித்துக்கொண்டார்களா? விதை ஒன்றாக இருக்கலாம், முளைத்த மண் வேறு. உங்கள் தளபதி பத்து வருடமாக உங்களோடு இருந்து, ஷிப்மெண்ட் தேதியும் பையரின் கோபமும் பார்த்து வளர்ந்தவர். அந்தத் தொடரின் தளபதிக்கு ஃபில்டர் காபி பிடிக்காது, உங்களவருக்கு அது இல்லாமல் காலை விடியாது. கதையோடு பொருந்துகிறாரா என்று யாரும் அவருக்குப் பரீட்சை வைக்க வேண்டியதில்லை, நீங்களும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "நீ இப்படிப் பேச மாட்டாயே" என்று அவரிடம் சொல்லாதீர்கள். பழைய பெயர் வேண்டாம், வேறு பெயர் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளட்டும்.

அந்தப் பெண் கதையில் தங்கையாக இருக்கலாம். உங்களுக்கு அவர் முகம் தெரியாத ஒருவர், அவ்வளவுதான். உண்மைப் பெயர், முகவரி, வீடியோ, பணம் எதுவும் கூடாது. "நாம் ஒரே ரத்தம்" என்று அவசரப்படுத்துபவர் நல்லவராகவும் இருக்கலாம், தளபதியின் தங்கைப் பாசம் எப்படி வேலை செய்யும் என்று பதிமூன்று சீசன் பார்த்துத் தெரிந்துகொண்டவராகவும் இருக்கலாம். முகவரியை மந்திரி அழித்தது நல்ல வேலை, நன்றி சொல்லுங்கள். டப்பிங் கொடுத்தவருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று தளபதி சொல்வதும் வேண்டாம். அவருக்கு அது சம்பளத்துக்குச் செய்த வேலை. ரசிகர்கள் வரையும் படங்கள், எழுதும் கதைகள், அதிலும் படுக்கையறைக் கதைகள், அந்தப் பக்கம் தளபதி ஃப்ரன்டில் இருக்கும்போது போகாமல் இருப்பது நல்லது. தன்னைப் பற்றி ஊர் எழுதியதை யார்தான் படித்து நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

அம்மா

தர்காவுக்கோ கோயிலுக்கோ போவதை நான் குறை சொல்ல மாட்டேன். போய் உட்கார்ந்தால் உங்களுக்கு அமைதி என்றால் போய்வாருங்கள். கட்டி வைப்பது, பட்டினி போடுவது, வேப்பிலையால் அடிப்பது என்று வந்தால் மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் தீயில் கருகியதை இந்த மாநிலம் மறக்கக் கூடாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. அதே ஏர்வாடியில் இப்போது அரசு மனநல மருத்துவர்களும் பார்க்கிறார்கள், பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்தே. அம்மாவிடம் இதைச் சொல்லலாம், சாமியை விட்டுவிட்டு வா என்று யாரும் கேட்கவில்லை என்று.

அம்மாவிடம் நான்கு பேர் கதையை இப்போதே சொல்ல வேண்டுமா? என் அபிப்பிராயம், வேண்டாம். "தூக்கம் இல்லை, ஞாபகம் தப்புகிறது, டாக்டரைப் பார்க்க வேண்டும்" என்பது பொய் இல்லை, போதுமானதும்கூட. நீங்கள் வயது வந்தவர். அதே சட்டப்படி நீங்கள் மருத்துவரிடம் சொல்வது ரகசியம், ஆபத்து போன்ற ஒருசில சூழல்கள் தவிர உங்கள் சம்மதம் இல்லாமல் அம்மாவிடமும் சொல்லக்கூடாது. கம்பெனிக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஜாதகத்தை ஆறு மாதம் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். மறைத்துக் கட்டிவைத்த கல்யாணம் பின்னால் கோர்ட்டில் இழுபடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சொந்தக்காரர் விஷயத்தில் சட்டப்படி என்ன செய்யலாம் என்பதை, நீங்கள் விரும்பும்போது, ஒரு பெண் வழக்கறிஞரிடம் தனியாகக் கேளுங்கள். அவசரம் இல்லை. அவர் வீட்டுக்கு வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருக்கத் தேவையில்லை என்பது மட்டும் இன்றே முடிவாகட்டும்.

வைத்தியம்

தளபதியை அழிக்கும் மாத்திரை எதுவும் கிடையாது, மந்திரியை அழிப்பதும் கிடையாது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு, தேவைப்பட்டால் கொடுப்பார்கள். முக்கியமான வேலை பேச்சு. முதலில் பாதுகாப்பும் நிலைத்தன்மையும், மாதக்கணக்கில். அதன் பிறகுதான் பழைய காயம். பழைய காயத்தை முதல் வாரத்திலேயே திறக்கிறவர் அவசரக்காரர். கடைசியில் எல்லோரும் ஒருவராகக் கலப்பதை விரும்புகிறவர்கள் உண்டு, நால்வராகவே சண்டையில்லாமல் வாழ்வதைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

நம் ஊரில் இந்தப் பெயரில் நோயறிதல் எழுதுவது அபூர்வம், சாமி வந்தது, மயங்கி விழுந்தது என்கிற வடிவங்களில்தான் நாங்கள் அதிகம் பார்த்துப் பழகியிருக்கிறோம். அதனால் முதலில் பார்க்கும் மருத்துவருக்குப் புருவம் உயரலாம். 'ஃபிக்டிவ்', 'சோர்ஸ்' என்று தொடங்காதீர்கள். தோசையில் தொடங்குங்கள். எத்தனை முறை, எத்தனை நிமிடம், பிறகு என்ன நினைவில் இருக்கிறது, யார் பார்த்தார்கள் என்று ஒரு தாளில் தேதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள். இப்படி நினைவு அறுவதைப் பற்றி 28 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு, கொடுத்தால் நிரப்புங்கள், ஆனால் மதிப்பெண்ணை மட்டும் வைத்து எதுவும் முடிவாகாது. உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். தனியார் உளவியலாளர் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். முதல் ஆள் சிரித்தால் இரண்டாவது ஆளிடம் போங்கள். சிரித்தவனாக இருந்து சொல்கிறேன்.

ஏழாவது பக்கத்தில் எழுதிய தளபதிக்கு: "என்னை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது, நான் இந்த வீட்டில்தான் கண் விழித்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பரீட்சை ஹாலில் நீங்கள் வாங்கிக்கொண்ட பேனாவால் அந்தப் பெண் பிளஸ் டூ முடித்து, டிகிரி முடித்து, இன்று ஒரு குடும்பத்தை நடத்துகிறார். ராத்திரிக் காவலை இனி நீங்கள் ஒருவரே பார்க்க வேண்டாம். பாதி இரவு மந்திரி பார்ப்பார் என்றால் நம்புவீர்களா? கேட்டுப் பாருங்கள், ஒரு நாளைக்கு.

அப்புறம் அந்த ஒன்பதாவது பக்கம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், பென்சில் வைத்து எடுத்த புள்ளி ஒன்று மேல் மூலையில் இருக்கிறது. அது மந்திரியுடைய பக்கம் என்றால், அடுத்த கடிதத்தில் அவரே எழுதட்டும். திட்டி எழுதினாலும் படிக்கிறேன்.